ஜம்பைப் பாறையில் ஒரு "ள"

2 ஆயிரம் ஆண்டு காத்திருந்து எண் வாங்கிய எழுத்து!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் ஜம்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெண்ணையாற்றின் வடகரை ஊர்.

ஊரை அடுத்து ஒரு பாறைக்குன்று. அதில் இயற்கையாக அமைந்த ஒரு குகை. அந்தக் குகைப் பாறையில் எழுத்து வெட்டியிருக்கிறது. அதிகம் இல்லை. ஒரே ஒரு வரி.

அது தமிழ்தான். ஆனால் இன்று தமிழ் படித்த யாரை அங்கே கொண்டு போய் நிறுத்தினாலும், ஓர் எழுத்தைக்கூடப் படிக்க மாட்டார். கோடும், வளைவுமாகத் தெரியும். இதற்குத் "தமிழ்ப் பிராமி" என்று பெயர். தமிழர்கள் முதன் முதலில் எழுதிய எழுத்து இதுதான்.

1981-ம் ஆண்டில் தமிழ்நாடு தொல்பொருள் துறையினர் இந்த வரியைக் கண்டுபிடித்தார்கள். படித்துப் பார்த்ததும் திகைத்துப் போனார்கள்.

"ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி."

இவ்வளவுதான் செய்தி. "சத்தியபுதோ ஆகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம்" என்பது பொருள். துறவிகள் தங்குவதற்காக அரசன் அந்தக் குகையைக் கொடுத்திருக்கிறான்.

அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்த அதியமான்தான் இவன்! தகடூரை ஆண்டவன். தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அவன் கோவலூரை வென்ற செய்தி சங்கப் பாட்டில் உண்டு. கோவலூர்தான் திருக்கோவிலூர். ஆகவே திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் அவன் பெயர் கல்லில் இருப்பது பொருத்தம்.

திகைப்புக்குக் காரணம் அதியமான் அல்ல. வரியின் முதல் சொல்!

அசோகர் கேட்ட கேள்வி

வடக்கே அசோகச் சக்கரவர்த்தி கி.மு. 3-ம் நூற்றாண்டில் பாறைகளில் கட்டளைகள் வெட்டி வைத்தார். ஒரு கட்டளையில் தம் எல்லைக்கு அப்பால் இருந்த தென்னாட்டு அரசுகளைக் குறிப்பிடுகிறார். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று வரிசை போகிறது.

சோழர் தெரியும். பாண்டியர் தெரியும். கேரளபுத்திரர் என்றால் சேரர். இந்தச் சத்தியபுத்திரர் யார்?

அறிஞர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். முடிவு கிடைக்கவில்லை.

ஜம்பைக் கல் ஒரே சொல்லில் வழக்கை முடித்து வைத்தது. அதியமான் தன்னையே "ஸதியபுதோ" என்று அழைத்துக்கொள்கிறான்! சக்கரவர்த்தி கல்லில் போட்ட புதிருக்கு, சுமார் 300 ஆண்டு கழித்து, ஒரு சிற்றரசன் கல்லிலேயே விடை எழுதி வைத்துவிட்டான். கல்வெட்டின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார்.

1981-ல் இந்தக் கல் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் கல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை!

கடைசி எழுத்து

முதல் சொல்லைப் பற்றி உலகமே பேசியது. கடைசிச் சொல்லை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

"பளி." சிலர் "பாளி" என்றும் படிக்கிறார்கள். எப்படிப் படித்தாலும் கடைசியில் இருப்பது ளகரம். அந்த வரி முழுவதிலும் ஒரே ஒரு "ள" அதுதான்.

அதில் என்ன விசேஷம்?

பிராமி எழுத்து பிராகிருதம் போன்ற வடநாட்டு மொழிகளுக்குப் பயன்பட்டது. தமிழில் உள்ள ழ, ற, ன ஒலிகளுக்கு அதில் எழுத்து இல்லை. தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் ஒலிக்கும் எழுத்தை எடுத்து, அதில் சிறிது மாற்றம் செய்து, தங்களுக்கு வேண்டிய எழுத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

"ள" எப்படி வந்தது? "ல" எழுத்தின் காலில் ஒரு சிறு கொக்கி போட்டார்கள். அது "ள" ஆகிவிட்டது! கல்வெட்டு அறிஞர்கள் சொல்லும் விளக்கம் இது.

ஒரு கொக்கிதானே என்று நினைத்துவிடக்கூடாது.

இந்த மாவட்டத்தில் ஒரு மலை இருக்கிறது. கல்வராயன் மலை. அதற்கு "ல்". தலைநகர் கள்ளக்குறிச்சி. அதற்கு "ள்". "கல்" என்றால் பாறை. "கள்" என்றால் பனையிலும் தென்னையிலும் இறக்குவது. தமிழில் யாரும் குழம்ப மாட்டார்கள். இங்கிலீஷில் எழுதும்போது ரெண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த மொழியில் "ள" இல்லை. வெளியூர்க்காரர் பலகையைப் பார்த்துப் படிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

மலைமேல் உள்ள ஊர் வெள்ளிமலை. அதிலும் "ள்". மலையில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். மலையில் வாழ்வதால் மலையாளி. அந்தச் சொல்லின் கடைசியிலும் "ளி"தான். ஜம்பைப் பாறையின் கடைசி எழுத்தும் "ளி"!

எண் இல்லாவிட்டால் எழுத்து இல்லை

கம்ப்யூட்டருக்கும் கைபேசிக்கும் எழுத்து தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது எண் ஒன்றுதான்.

கைபேசியில் "ள" என்று தட்டினால், உள்ளே 2995 என்ற எண் பதிவாகிறது. அதை அமெரிக்காவுக்கு அனுப்பினால் 2995 என்றுதான் போகிறது. அங்கே இருக்கும் கைபேசி அந்த எண்ணைப் பார்த்து, "இது தமிழ் ள" என்று புரிந்துகொண்டு படம் வரைகிறது. இரு பக்கத்திலும் ஒரே எண் இருந்தால்தான் எழுத்து போய்ச் சேரும்.

இந்த எண்களை உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுத்துக் கொடுப்பது "யூனிகோட்" அமைப்பு. தமிழில் ஒருங்குறி என்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகளும், சில அரசாங்கங்களும், கல்வி நிலையங்களும் அதில் உறுப்பினர்கள். இதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்.

இன்றைய தமிழுக்கு 1991-ம் ஆண்டு வெளிவந்த முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. பாறையில் இருக்கும் பழந்தமிழ் எழுத்துக்கு?

2010-ல்தான் பிராமிக்கு எண் வந்தது. அப்போது பழந்தமிழ் ழ, ற, ன மூன்றுக்கும் தனி எண் கொடுத்தார்கள். "ள"வுக்குத் தனியாகக் கொடுக்கவில்லை. பிராமியில் பொதுவான ளகரம் ஒன்று இருந்தது. அதன் எண் 69684.

இரண்டும் ஒன்றல்ல! உருவம் வேறு. பிறப்பும் வேறு. தமிழ் "ள" கொக்கி போட்ட "ல". ஒரே எண்ணைப் போட்டால், எந்தக் கல்லில் எந்த "ள" என்ற விவரம் கம்ப்யூட்டரில் அழிந்து போகும்.

அறிஞர்கள் மீண்டும் விண்ணப்பம் செய்தார்கள். படங்கள் காட்டினார்கள். 2021 செப்டம்பர் 14-ந் தேதி வெளிவந்த 14-வது பதிப்பில் பழந்தமிழுக்கு மேலும் 6 எண்கள் கிடைத்தன. மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒன்று. எகரம், ஒகரம் ஆகிய குறில்களுக்கும் அவற்றின் குறிகளுக்கும் நான்கு. ஆறாவது எண் 69749. அது "ள"வுக்கு!

கல்லில் வெட்டி ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டு. கண்டுபிடித்து 40 ஆண்டு. அதன் பிறகு ஓர் எண்.

எண் கிடைத்ததும் எல்லாக் கைபேசியிலும் அது தெரிந்துவிடாது. அந்த எண்ணுக்கு உருவம் வரைந்த எழுத்துரு வேண்டும். எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டம் தெரியும். ஆனால் எண் பிறந்துவிட்டது. ஜம்பை வரியை இனி எழுத்தாகவே சேமிக்கலாம், தேடலாம், வேறு கல்வெட்டோடு ஒப்பிடலாம். வெறும் புகைப்படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அதே நாளில் இன்னொரு நாடு

அதே 14-வது பதிப்பில், ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா நாட்டுக்கும் 28 புது எண்கள் கிடைத்தன.

எத்தியோப்பியாவின் எழுத்துக்குக் "கீஸ்" என்று பெயர். மிகப் பழமையான எழுத்து. அந்த நாட்டுக் கிறிஸ்தவக் கோவில்களில் இன்றும் கீஸ் மொழியில் வேதம் ஓதுகிறார்கள். அம்ஹாரிக் முதலிய மொழிகளைப் பொதுமக்கள் அதே எழுத்தில் எழுதுகிறார்கள். குராகே என்ற இனத்தார் தங்கள் மொழியை எழுதத் தேவையான எழுத்துகள்தான் அந்த 28-ம்.

ஜம்பை எங்கே, எத்தியோப்பியா எங்கே என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

தமிழில் "க" என்பது கா, கி, கீ, கு, கூ என்று உருவம் மாறுகிறது அல்லவா? கீஸ் எழுத்தும் அப்படித்தான். ஒவ்வொரு மெய்க்கும் 7 உயிர்மெய் வடிவங்கள். பழைய கீஸ் மொழிக்கு 26 வரிசை. ஆக 182 எழுத்து. தமிழ் நெடுங்கணக்கு போலவே பிள்ளைகள் சுவரில் மாட்டிய அட்டையைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் மட்டும் இரு எழுத்துகளும் வேறு வேறு வழியில் போய்விட்டன.

எத்தியோப்பிய எழுத்துக்கு 1999-ல் எண் கொடுத்தார்கள். முழு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நம் கணக்கில் சொன்னால் "கா"வுக்கு ஒன்று, "கி"க்கு ஒன்று, "கு"வுக்கு ஒன்று.

தமிழுக்கு அப்படி இல்லை. "க"வுக்கு 2965. "ி" என்ற குறிக்கு 3007. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் "கி". மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனி எண். "கள்ளக்குறிச்சி" என்ற பெயரை எண்ணிப் பார்த்தால் 8 எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் 14 எண்!

இது ஏன் இப்படி?

1980-களில் இந்தியாவில் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக ஒரு குறியீட்டு முறை வகுத்தார்கள். தேவநாகரி எழுத்தின் வரிசையை அச்சாக வைத்து, மற்ற மொழி எழுத்துகளை அதில் பொருத்தினார்கள். யூனிகோட் 1991-ல் அதையே எடுத்துக்கொண்டது. இதற்கு இன்றும் சாட்சி இருக்கிறது. "க"வின் எண் 2965. அடுத்த எழுத்து "ங". அதன் எண் 2969. நடுவில் 3 நாற்காலி காலி! இந்தியில் உள்ள மற்ற 3 ககரங்களுக்கான இடம் அவை. தமிழுக்குத் தேவையில்லை என்பதால் என்றைக்கும் காலியாகவே கிடக்கின்றன.

247 எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும் என்று தமிழ்நாட்டில் பலர் வாதாடினார்கள். அதற்காக "டேஸ்-16" என்று ஒரு முறையும் வகுத்தார்கள். யூனிகோட் அமைப்பு அதை ஏற்கவில்லை. 2010 ஜூன் மாதம், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசாங்கம் யூனிகோட், டேஸ்-16 இரண்டையும் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் நிலைத்தது யூனிகோட்தான்.

எத்தியோப்பியாவின் வழிதான் நல்லது என்று உடனே சொல்லிவிட முடியாது. அவர்களுக்கும் கஷ்டம் உண்டு. புதிதாக ஓர் ஒலி வந்தால் ஓர் எண் போதாது. வரிசை முழுவதற்கும் எண் வேண்டும். குராகே மக்களுக்கு 28 எண் தேவைப்பட்டது அதனால்தான். தமிழில் ஒரு மெய்க்கு எண் கிடைத்தால் போதும். கொம்பும் காலும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் பிரித்துப் போட்டதில் தமிழுக்கு ஒரு வினை வந்து சேர்ந்தது. அதிலும் அகப்பட்டது இந்த "ள"தான்.

கௌரி எங்கே போனாள்?

ஒரு பெண்ணின் பெயர் கௌரி என்று வைத்துக்கொள்ளலாம்.

"கௌ" என்பதைக் கையால் எப்படி எழுதுகிறோம்? முதலில் ஒற்றைக்கொம்பு. பிறகு "க". பிறகு "ள" போல ஒன்று. அந்தக் கடைசிப் பகுதி "ள" அல்ல. ஔகாரத்தின் குறி. வடிவம் மட்டும் "ள" போல இருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கம்ப்யூட்டருக்குத் தெரியும்!

ஒழுங்காகத் தட்டினால் கௌரியின் எண்கள்: 2965, 3020, 2992, 3007.

தட்டுகிறவர் அவசரத்தில் "கெ" போட்டு, பக்கத்தில் "ள" போட்டுவிட்டால் என்ன ஆகும்? 2965, 3014, 2995, 2992, 3007. கௌரி "கெ-ள-ரி" ஆகிவிடுகிறாள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அச்சடித்தாலும் அப்படியே. ஆனால் ஒரு பட்டியலில் முதல் விதமாகவும், இன்னொரு பட்டியலில் இரண்டாவது விதமாகவும் பதிவாகியிருந்தால், கம்ப்யூட்டர் அவளை இரண்டு பெண்களாக நினைக்கும். பெயரைப் போட்டுத் தேடினால் "இல்லை" என்று கையை விரிக்கும்.

கௌரி மட்டுமா? கௌதமன், கௌசல்யா, சௌந்தரம், மௌனிகா எல்லாருக்கும் இதே ஆபத்து. "வௌவால்" என்ற சொல்லையும் தப்பாகத் தட்டிவிடலாம். அறிவிப்புப் பலகை, பத்திரிகை, பாடப் புத்தகம் எங்கும் இது நடக்கிறது. யாருக்கும் தெரிவதில்லை. தெரியாததுதான் இதன் பொல்லாத்தனம். வேறு எழுத்துப்பிழை என்றால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும்.

பழைய தமிழ் எண்களிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஒன்றைக் குறிக்கும் "௧" பார்ப்பதற்குக் "க". எட்டைக் குறிக்கும் "௮" பார்ப்பதற்கு "அ". கம்ப்யூட்டரில் எல்லாம் வேறு வேறு எண். ஆனால் அவற்றை இன்று அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஔகாரம் அப்படி அல்ல. வீட்டுக்கு வீடு பெயர்களில் இருக்கிறது.

மலைமேல் ஒரு காகிதம்

கீழ்நாட்டில் வசதியுள்ளவர் பெயரில் பிழை வந்தால், நாலு ஆபீஸ் ஏறி இறங்கித் திருத்திக்கொள்வார். கல்வராயன் மலையில் இருப்பவருக்கு அது சுலபம் அல்ல.

அந்த மலையின் கதையே தனி. நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டு ஆன பிறகும், 1976-ம் ஆண்டு வரை, மலை 3 ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அவர்கள் வைத்ததே சட்டம். மலைமக்கள் அவர்களுக்குக் கூலியில்லாத வேலையும் செய்தார்கள். 1976-ல் அரசாங்கம் மலையை எடுத்துக்கொண்டது. கீழே இருப்பவர்கள் பாட்டன் காலத்துப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். மலையில் இருப்பவர்களுக்குக் காகிதம் என்பதே அதற்குப் பின்னால் வந்த சங்கதி.

இப்போது எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க, உதவிப் பணம் வாங்க, வேலைக்கு மனுப் போடப் பழங்குடிச் சான்று வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, தலைமுறையாக உழும் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்கவும் ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு காகிதத்தில் உள்ள பெயரும் மற்றொரு காகிதத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

மலையாளி மக்களில் பலர் பெயரோடு கவுண்டர் என்ற பட்டம் இருக்கும். அதை "கவுண்டர்" என்றும் எழுதலாம், "கௌண்டர்" என்றும் எழுதலாம். இரண்டும் வழக்கத்தில் உண்டு. கம்ப்யூட்டரில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. "கெ" போட்டு "ள" போட்ட கௌண்டர்! ஆக ஒரே மனிதருக்கு மூன்று எழுத்து.

காகிதத்தை மனிதர் பார்த்தால், "சரி, ஒரே பெயர்தான்" என்று விட்டுவிடுவார். கம்ப்யூட்டர் விடாது. முகம் பார்த்து முடிவு செய்ய அதற்குத் தெரியாது. அட்டை எண்ணை வைத்துத் தேடும் இடங்களில் தப்பிக்கலாம். பெயரை வைத்துத் தேடும் இடத்தில்தான் வம்பு.

திருத்தி எழுதிவிடலாமா?

"கெ" போட்டு "ள" வந்த இடத்தில் எல்லாம், கம்ப்யூட்டரே "கௌ" என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். பார்ப்பதற்கு நல்ல யோசனை. உண்மையில் ஆபத்து!

வட தமிழகத்துப் பேச்சில் விளக்கை என்ன சொல்கிறார்கள்? "வெளக்கு" என்கிறார்கள். கிழவியைக் "கெளவி" என்கிறார்கள். இவை ஔகாரம் அல்ல. நிஜமான "வெ", நிஜமான "ள". கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், வெளக்கு "வௌக்கு" ஆகிவிடும்! மக்கள் பேசுகிறபடியே கதையையும் பாட்டையும் எழுதி வைக்க நினைப்பவர்களின் உழைப்பு அத்தனையும் ஓசையில்லாமல் கெட்டுப்போகும். திரையில் பார்த்தாலும் தெரியாது.

ஆகவே எழுதியதை மாற்றக்கூடாது. தேடும்போது மட்டும் கம்ப்யூட்டர் இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். கௌரி என்று கேட்டால், இரண்டு விதக் கௌரியையும் எடுத்துக் காட்ட வேண்டும். எது சரி என்பதை மனிதர் பார்த்துத் தீர்மானிக்கட்டும். பட்டியல் தயாரிக்கும் அலுவலகங்கள் மென்பொருள் எழுதுவோரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

எண்களையே மாற்றி அமைத்துவிட்டால் என்ன? அது நடக்காது. யூனிகோடில் ஒரு விதி உண்டு. ஓர் எழுத்துக்கு எண் கொடுத்தால் கொடுத்ததுதான். திரும்பப் பெற மாட்டார்கள். வைத்த பெயரையும் மாற்ற மாட்டார்கள். நேற்று எழுதிய கடிதத்தை நாளைக்கும் படிக்க முடிய வேண்டும் என்பது காரணம்.

காரணம் நியாயம்தான். அதனால் பிழைகளும் நிலைத்துவிடுகின்றன. நம்முடைய ஆய்த எழுத்துக்கு ("ஃ") அவர்கள் வைத்திருக்கும் பெயர் "தமிழ் விசர்க்கக் குறி". விசர்க்கம் என்பது சமஸ்கிருதத்தில் வருவது. ஆய்தம் வேறு, விசர்க்கம் வேறு. தொல்காப்பியம் படித்தவர் யாரும் ஒப்பமாட்டார். பிழை என்று தெரிந்தும் பெயரை மாற்ற வழியில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதனால்தான் தமிழக அரசாங்கம் 2010-ல் விழித்துக்கொண்டது. கிரந்த எழுத்துக்கு எண் கொடுக்கும் திட்டம் அப்போது வந்தது. அந்தப் பகுதியில் எ, ஒ, ழ, ற, ன என்ற 5 தமிழ் எழுத்துகளின் வடிவங்களையும் சேர்க்க ஒரு யோசனை இருந்தது. ஒரே எழுத்துக்கு இரண்டு இடத்தில் எண் வந்தால் என்ன குழப்பம் வரும் என்பதற்குக் கௌரியே சாட்சி. தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள். அரசாங்கமும் எதிர்ப்புத் தெரிவித்தது. 2014-ல் கிரந்தத்துக்கு எண் வந்தபோது அந்த 5 எழுத்துகள் அதில் இல்லை. காலத்தில் கவனித்ததால் தப்பியது.

வீட்டிலேயே சோதிக்கலாம்

வீட்டில் யாருடைய பெயரிலாவது "கௌ", "சௌ", "மௌ" இருந்தால், கைபேசியில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று சோதித்துப் பார்க்கலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

பெயரைத் திரையில் கொண்டுவந்து, "கௌ"வுக்கு அடுத்தாற்போல் சுட்டியை நிறுத்தி, அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டும். பெரும்பாலான கைபேசிகளிலும் கம்ப்யூட்டர்களிலும், கொம்பும் சேர்ந்து மறைந்து "க" மட்டும் மிஞ்சினால், எழுத்து சரியாகப் பதிவாகியிருக்கிறது.

கொம்பு நின்று, "கெ" என்று மிஞ்சினால், அங்கே இருந்தது "ள"!